எடைமேடையில் வரைந்த நூறு முகங்கள்

மூன்று நிமிடம் கொடுத்தால் போதும், ஒரு முகத்தை நான் பிடித்துவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐம்பது வயதில் படம் போடக் கற்றுக்கொண்டவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சிரம்பானை அடுத்த மந்தினிலிருந்து உள்ளே பிரியும் பாதையில் ஒரு செம்பனைத் தோட்டம். அதன் எண்ணெய் ஆலையில் எனக்கு வேலை. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகள் உள்ளே போவதற்கு முன் என் அறைக்கு எதிரே உள்ள எடைமேடையில் ஏறி நிற்கும். நான் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடையைப் பதிந்து சீட்டுக் கொடுப்பேன். தோட்டத்தில் எழுத்து வேலை பார்ப்பவர் கிராணி. அதனால் எல்லோருக்கும் நான் கிராணியம்மா. லோரி ஏறி, ஆட்டம் அடங்கி, எண் நிலைக்கு வந்து, சீட்டு அச்சாகி வர மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடமும் ஓட்டுநர் என் சன்னலுக்கு நேரே, கதவில் கையைப் போட்டபடி, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். படம் போடுகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

என்னை இதில் இழுத்துவிட்டது என் மகள். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் நான் பூவும் வாத்தும் கிறுக்குவதைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் இருந்த ஓர் ஓவியக் குழுவில் என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டாள். அங்கே அப்போது ஒரு சவால் ஆரம்பமாகியிருந்தது. நூறு நாள், நூறு முகம். சட்டங்கள் மூன்று. ஒரு நாளைக்கு ஒரு முகம் வரைய வேண்டும். பேனாவால்தான் வரைய வேண்டும், அழிக்கக் கூடாது. ஆளை நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும். புகைப்படத்தைப் பார்த்தோ ஞாபகத்திலிருந்தோ வரைந்தால் அது கணக்கில் வராது.

முதல் நாள் நான் வரைந்தது ஒரு லோரிக்காரரை. குழுவில் யாரோ ஒருவர், நல்ல குணத்தோடுதான், இது என்ன பிராணி என்று கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டாம் நாளும் அதே கதைதான். ஐந்தாம் நாள் கோபம் தலைக்கேறி, குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் தலையை விரலால் அளந்தேன். உச்சியிலிருந்து புருவத்தின் கீழ்வரை ஓர் அளவு, அங்கிருந்து தாடை வரை அதே அளவு. கண் தலையின் நடுவில் இருக்கிறது. ஐம்பது வருடமாக அதை நெற்றிக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் மனிதர்களுக்கு நெற்றி கிடைத்தது.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டது. மூக்கை மூக்காக வரையக் கூடாது, அதன் கீழே விழும் நிழலை வரைந்தால் மூக்கு தானாக வந்துவிடும். பல்லை ஒவ்வொன்றாக வரைந்தால் சிரிக்கிறவர் கடிக்க வருகிறவர் மாதிரி ஆகிவிடுவார். தொப்பி போட்டவருக்கு முதலில் தலையை நினைத்துக்கொண்டு பிறகுதான் தொப்பியைப் போட வேண்டும். கண்ணை மட்டும் கடைசியில்தான் போடுவேன். எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் சிலை செய்தபோது சிற்பி கடைசியாகத்தான் கண் திறந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு வேறு முறை தெரியாது. குழுவில் இருப்பவர்கள் கண்ணில் தொடங்கச் சொன்னார்கள். அவர்கள் வழி அவர்களுக்கு, என் வழி எனக்கு.

ஒவ்வொரு நாள் மாலையும் நோட்டைக் கொண்டுபோய் என் கணவர் முன் வைப்பேன். அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டிய வேலை. இரண்டு வருடத்துக்கு முன் வெட்டுப்பட்ட மட்டை ஒன்று திரும்பி விழுந்து, அதன் முள் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் உயிருக்கும் வலிக்கும் வேண்டியதைச் செய்தார்கள், பார்வைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆலையில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தில் கோழிகளோடு இருந்துவிட்டார். கல்யாணம், கருமாதி எதற்கும் போவதில்லை. மருந்து போடும் நேரம் தவிர வீட்டுக்குள்ளும் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

நான் படம் போட ஆரம்பித்த நேரத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாள் குறித்த அன்றே இவர் சொல்லிவிட்டார்.

"நல்ல காரியத்துல இந்த மூஞ்சி வேணாம். தம்பி தாரை வாத்துக் குடுக்கட்டும். நான் பின்னால எங்கயாச்சும் ஒக்காந்துக்குறேன்."

மகள் அழுதாள். நான் கத்தினேன். தம்பி தாரை வார்த்தால் கூட நின்று நீர் ஊற்றுவது தம்பியின் மனைவி. பெற்று வளர்த்த நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்க வேண்டும். அதைவிட, மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க அப்பா உயிரோடு இருந்தும் மேடையில் இல்லை என்பதை அவள் ஆயுசுக்கும் வீடியோவில் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவர் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். கொழுந்தனார் நல்ல மனிதர், தயங்கித் தயங்கிப் புது வேட்டி எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

ஆனால் நோட்டை மட்டும் அவர் பார்ப்பார். இன்று யார், எந்த லோரி, இன்னும் புகையிலை போடுகிறானா என்று கேட்பார். வெளியே போகாதவருக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். எல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறை சொல்வார்.

"காது பெருசு."

எத்தனை நாள் வரைந்தாலும் அதே குறைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மறுநாள் பார்த்தால் காது பெரிதாகத்தான் இருக்கும்.

முப்பத்தேழாவது முகம் கோலா கிளாவாங்கிலிருந்து குலை கொண்டுவரும் ஓர் இளவட்டம். படம் நன்றாக வந்துவிட்டது. கெஞ்சிக் கேட்டதால் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார். நம் வீடுகளில் நடுச்சுவரில் சட்டத்துக்குள் தனியாக ஒரு முகம் இருந்தால் அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்த அவருடைய அத்தை, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. செத்ததாக அழப்பட்டவர் சத்தம் கேட்டுத் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு வாரத்தில் என் சிரிப்பு நின்றது. கிராணியம்மா கை பட்டால் ஆயுசு குறையும் என்று கதை கட்டிவிட்டார்கள். மேடையில் ஏறியதும் லோரிக் கண்ணாடிகள் மேலே ஏறின. ஒருவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சீட்டு வாங்கினார். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் ஓர் அம்மா, சந்தைக்குப் போகும் வழியில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். அவரை நான் ஏற்கெனவே பேருந்து நிறுத்தத்தில் வைத்து வரைந்துவிட்டேன், அது அவருக்குத் தெரியாது. இன்றுவரை நன்றாக இருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு முகமே கிடைக்காதா என்று கிளம்பினேன். ஆலை வாசலில் காவல் நிற்கும் மலாய்க்காரர் நான் கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மந்திரி மாதிரி நின்றார். பங்களாதேஷ் தொழிலாளர்கள் நாளுக்கு ஒருவராக முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். வரைந்ததைக் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். மந்தினில் மோட்டார் சாமான் விற்கும் சீனர், தன் முகத்தைவிடத் தன் பூனையை நன்றாக வரைய வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இவர்கள் முகங்களில்தான் நான் உண்மையாகவே முன்னேறினேன். பழக்கமில்லாத முகத்தில் ஊகித்துப் போட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கோட்டையும் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அறுபதைத் தாண்டியபோது என் பேனா தயங்குவதை நிறுத்தியிருந்தது. முதல் பக்கத்துப் பிராணியையும் அந்தப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து நானே எனக்குச் சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து நாள் போயிருக்கும். துண்டால் முகத்தை மூடிய அதே ஓட்டுநர் சன்னலைத் தட்டினார்.

"பங்களாதேஷ்காரனுக்கெல்லாம் வரைஞ்சீங்களாம். நம்ம மூஞ்சி மட்டும் என்ன கசக்குதா லா, கிராணியம்மா?"

ஆயுசு குறையுமே என்றேன். சட்டம் போட்டு மாட்டினால்தானே குறையும், நோட்டுக்குள்ளேயே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவரே ஒரு சாத்திரம் சொன்னார். மறுபடி லோரிக் கண்ணாடிகள் இறங்கின. எண்பது, தொண்ணூறு என்று நோட்டு நிரம்பியது.

நூறாவதை ஆரம்பத்திலிருந்தே என் கணவருக்கென்று வைத்திருந்தேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அவர் முகத்தை அழகாக வரைய வேண்டும், இத்தனை நாள் பழகிய கையின் வித்தை முழுவதையும் அதில் இறக்க வேண்டும், அவர் அதைப் பார்த்து, அட, நான் இப்படியா இருக்கிறேன் என்று மனம் மாற வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. என் கையில் வேறு ஆயுதம் இல்லை.

நூறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலை மூடியிருந்தது, காலையிலிருந்து மழை. ஒரு முகம் குறைகிறது, இந்த மழையில் நான் யாரைத் தேடிப் போவேன் என்று நியாயம் கேட்டேன். அவர் முனகிக்கொண்டே நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.

அரை மணி நேரம் வரைந்தேன். நரைத்த கிருதா, வெயில் பட்டுக் கறுத்த கழுத்து, அழுத்தி மூடிய உதடு, எல்லாம் கோடு கோடாக வந்து உட்கார்ந்தன. கடைசியில் கண். கறுப்புக் கண்ணாடியை நான் வரையவில்லை. அந்த இடத்தில் இரண்டு கண்களைப் போட்டேன். கல்யாணமான புதிதில் மேலே குலையைப் பார்க்கிற மாதிரி என்னை அண்ணாந்து பார்ப்பாரே, அந்தக் கண்கள். எனக்குத் தெரிந்து நான் வரைந்ததிலேயே அழகான கண்கள் அவைதான். நெஞ்சு நிறைந்து நோட்டை அவரிடம் நீட்டினேன்.

நோட்டை வாங்கிப் பார்த்தார். காது பெரிது என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பாத்துதான் வரையணும்னு நூறு நாளா சட்டம் பேசுன. இந்தக் கண்ண எங்க பாத்த?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருசமா நீயே என்னைப் பாக்கல. ஊருல உள்ளவங்க எல்லாம் பாக்கணும்னு மேடையில ஏத்துறியே?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தினமும் இரண்டு வேளை அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறவள் நான், என்னைப் பார்த்து இப்படிக் கேட்பதா என்று வாய்வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் மருந்து போடும்போது நான் எதைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியும். மருந்துப் புட்டியின் நுனியைப் பார்ப்பேன். துளி விழுந்ததும் மூடியைப் பார்ப்பேன். ஒரு நாளும் கண்ணைப் பார்த்ததில்லை. எடைமேடையில் ஏறி நின்ற ஒவ்வொருவரின் மச்சத்தையும் மருவையும் தேடிப் பிடித்தவள், என் வீட்டு மனிதரைப் பார்க்கப் பயந்திருக்கிறேன். அது அவருக்கு இரண்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அழிக்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"கண்ணாடியக் கழட்டுங்க," என்றேன்.

கழற்றினார். நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். இந்த முறை வழக்கத்தை மாற்றி, இடது கண்ணில் தொடங்கினேன்.

கருவிழி இருந்த இடம் கலங்கிய வெள்ளையாக இருந்தது. மேல் இமை பாதி வழியில் இறங்கி நின்றுவிட்டிருந்தது. புருவத்தின் நடுவிலிருந்து ஒரு தழும்பு கண்ணுக்குள் போய், கீழே கன்னத்தில் வெளியே வந்து முடிந்தது. புருவ மயிர் அந்த இடத்தில் மட்டும் பிரிந்து வளர்ந்திருந்தது. இதுவரை நான் பயந்தது இதற்குத்தான். பார்க்கப் பார்க்க அதில் பயப்பட ஒன்றும் இல்லை. இமை, தோல், தழும்பு, எல்லாம் அவருடையவை. பிறகு வலது கண்ணுக்கு வந்தபோதுதான் ஆச்சரியப்பட்டேன். அந்தப் பக்கத்து நெற்றியில் சுருக்கம் அதிகம், புருவம் மேலே ஏறியிருந்தது. இரண்டு கண்ணின் வேலையை ஒன்றே இழுத்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போன கண்ணைப் பார்க்காமல் இருந்ததில் உழைக்கிற கண்ணையும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்று நிமிடக்காரிக்கு அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் மழை நின்றதுகூடத் தெரியவில்லை. அவர் அசையவே இல்லை. இரண்டு வருடத்தில் ஒருவர் முன் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வரைந்து முடித்து நோட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தபோதும் அவர் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது சரியாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது நடுச்சுவரில் அந்தப் படம் தொங்கியது. பழைய பலகையை அறுத்து அவரே சட்டம் அடித்திருந்தார். சுத்தியல் இன்னும் கையில் இருந்தது. இப்படி மாட்டினால் வருகிறவர்கள் வாசலிலேயே ஒப்பாரி வைப்பார்கள் என்று சொன்னேன்.

"வந்தா டீ போட்டுக் குடு. நானே எடுத்துட்டு வந்து நீட்டுறேன்."

கல்யாணத்தைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நூறு நாள் எனக்குக் கற்றுக்கொடுத்த பொறுமை அது. அதற்கு முன் என்னிடம் அந்தச் சரக்கு இருந்ததில்லை.

சிரம்பானில் மண்டபம். அவர் வந்தார், பட்டு வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் மகள் எங்கள் பக்கம் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் வாங்க என்று ஐயர் கூப்பிட்டார். கொழுந்தனார் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். தம்பியின் தோளில் இவர் கை வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"இதக் கொஞ்சம் வச்சிரு."

நாங்கள் இருவரும் மேடையேறினோம். கீழே சலசலப்பு எழுந்து அடங்கியது. வீடியோ எடுத்தவர் பதமாகத்தான் சொன்னார், அங்கிள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று. இவர் திரும்பவில்லை.

"நேராவே எடுங்க தம்பி. அப்படித்தான் இருக்கேன்."

மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் செம்பைச் சாய்த்தேன். நூறு நாள் பழக்கி நிலைக்குக் கொண்டுவந்த கைதான் அது. ஆனால் நான் செம்பைப் பார்க்காமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில், தாரை நீரில் பாதி அவருடைய பட்டு வேட்டியில் கொட்டியது.